மஞ்சள் பூட்டின் சாவி

மாப்பிள்ளை ஐந்தாவது முறையாக மன்னிப்புக் கேட்க வந்தபோது நான் குளியலறை வாசலில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தலாம் என்றால் கையெல்லாம் நுரை. அதற்குள் என் மனைவி "வாங்க தம்பி" என்று அவனை உள்ளே விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு கட்சி நடக்கிறது. தலைவி அவள், உறுப்பினர் என் தங்கை.

மாப்பிள்ளை என்றால் அந்தத் தங்கையின் புருஷன். என்னைவிட ஆறு வயது இளையவன். பதினாலு வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே ஜோடியாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்தோம். பிறகு என் கையில் மூன்று விரல் போயிற்று, வேலை போயிற்று, பேரும் போயிற்று. மூன்று வருஷமாக நான் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. அவன்தான் எங்கள் வீட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தான்.

முந்தின நாலு முறையும் ஒரே பாட்டுத்தான். நாற்காலியின் நுனியில் உட்காருவான். தரையைப் பார்ப்பான். "எல்லாத்துக்கும் என்னை மன்னிச்சிருங்க மச்சான்" என்பான். எல்லாத்துக்கும் என்றால் எதற்கு? கடையில் மொத்தமாக மூட்டை கட்டுகிற மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அந்த "எல்லாத்துக்கும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். "ஆளை விடு" என்று எழுந்து போய்விடுவேன். "பாவம், எவ்வளவு பெரிய மனசு அவருக்கு. தப்பு உங்க மேல, மன்னிப்புக் கேக்குறது அவர்" என்று மனைவி என்னைத் திட்டுவாள்.

அங்கேதான் விஷயம். தப்பு என் மேல் என்றுதான் ஊர் உலகம் முழுக்க நம்பியது. இவள் உட்பட.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவன், முதலில் மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறிப் போக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதில் தன் பூட்டைத் தன் கையாலேயே போட வேண்டும். சாவி அவன் சட்டைப்பையில் இருக்கும். வேலை முடிந்து அவனே ஏறிவந்து திறக்கும்வரை கடவுளே வந்தாலும் லிஃப்ட் ஓடாது. இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. ஆளுக்கொரு நிறம். என்னுடையது மஞ்சள், அவனுடையது சிவப்பு. சாவியின் தலையிலும் அதே நிறத்தில் பிளாஸ்டிக் இருக்கும்.

சட்டம் போட்டவன் படிக்கட்டு ஏறியிருக்க மாட்டான். மெஷின் ரூம் உச்சியில், குழி பாதாளத்தில். லிஃப்டை நிறுத்திவிட்டால் நடுவில் இருப்பது பத்துப் பன்னிரண்டு மாடிப் படிகள் மட்டும். ஒரு நாளைக்கு நாலு கட்டடம். எவன் முட்டி தாங்கும்? அதனால் ஜோடி ஜோடியாக எல்லாரும் ஒன்று செய்தோம். மேலே போகிறவன் இரண்டு பேர் பூட்டையும் போட்டுவிடுவான், வேலை முடிந்ததும் அவனே திறந்தும் விடுவான். என் பூட்டின் இன்னொரு சாவி அவன் கொத்தில், அவன் பூட்டின் இன்னொரு சாவி என் கொத்தில். கம்பெனியில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரிந்தால் இரண்டு பேருக்கும் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும்.

மற்ற ஜோடிகளுக்குள் சண்டை வரும், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்குள் அந்தப் பேச்சே இல்லை. என் தங்கையையே கொடுத்தவனிடம் ஒரு சாவியைக் கொடுக்க யோசிப்பேனா?

அன்றைக்கு நான் குழியில் இருந்தேன். குழிக்குள் லிஃப்டை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும். அது பழுதாகி, அதை மாற்றத்தான் போயிருந்தோம். மாப்பிள்ளை மேலே. இரண்டு பூட்டையும் போட்டுவிட்டு "போட்டாச்சு மச்சான்" என்று போன் பண்ணினான். நான் இறங்கினேன். பதினோரு மணி அடித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு டீக்கு வெளியே போவது என் வழக்கம், பதினாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அன்று ஒரே ஒரு திருகாணி அடம்பிடித்தது. அதை முடித்துவிட்டே போகலாம் என்று ஐந்து நிமிஷம் கூட இருந்தேன். லிஃப்ட் கயிறு குழிக்குள் சுற்றிப் போகும் கப்பியின்மேல் இடது கையை ஊன்றியிருந்தேன். கயிறு ஓடியது.

கயிறு ஏன் ஓடியது என்று புரிவதற்குள் கை கையாக இல்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

மாப்பிள்ளை என்னைத் தோளில் போட்டுத் தூக்கினான், அழுதான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மயக்கத்திலும் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். யாருக்கும் கைதவறும். நான் பதினோரு மணிக்கு வெளியே போயிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பூட்டை எடுத்திருப்பான். அந்த நேரம் என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. சாவி மாற்றிக்கொண்டது தெரிந்தால் இவன் வேலை போய்விடும், தங்கை மாசமாக இருக்கிறாள். எப்படியாவது இவனைக் காப்பாற்ற வேண்டும்.

அதனால் விசாரணையில் நான் பொய் சொன்னேன். "என் பூட்டை நானே மேலே போய்ப் போட்டேன் சார். எப்படித் திறந்துச்சுன்னு தெரியல."

விசாரணை அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மொட்டைமாடிக் கதவருகே கேமரா இருந்திருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் ஏறிப் போகிறான். நான் ஏறவே இல்லை. என் மஞ்சள் பூட்டு என் கருவிப் பைக்குள்ளேயே கிடந்தது என்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜைமேல் வைத்தார். என் பைக்குள் அது எப்படி வந்தது? என் இரத்தம் காயும் முன்னே அதை அங்கே போட்டவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவனிடம் கேட்டார்கள்.

"அவர் பூட்டை நான் பாக்கல சார். என்னுது மட்டும்தான் இருந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான். நான் அவனுக்காகச் சொன்ன பொய் என் கழுத்தில் கயிறாக இருந்தது, அவன் ஒரு இழு இழுத்தான். பிறகு நான் உண்மையைக் கத்தினேன். நான் கத்தினால் யார் நம்புவார்கள்? கம்பெனியில் எனக்குப் பேரே பட்டாசு. கையும் களவுமாகப் பிடிபட்ட பொய்யன், மாட்டிக்கொண்டதும் கூட வேலை பார்க்கிறவன் மேல் பழி போடுகிறான் என்றார்கள். கட்டு மாற்றப் போன ஆஸ்பத்திரிக்கே தங்கை வந்து நின்று, "உன் அவசரத்துக்கு என் புருஷன் தலையை உருட்டாதண்ணே" என்றாள். மனைவி, நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, "நீங்க எப்பவும் அவசரக்காரர்தானே" என்று மட்டும் சொன்னாள். விரல் போனதற்கு அழாத நான் அன்றைக்கு அழுதேன்.

இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை. தண்ணீர், விளக்கு, குப்பை எல்லாம் என் பொறுப்பு. பதினோரு மாடிக்கும் படியில்தான் ஏறுகிறேன். "லிஃப்ட் மெக்கானிக்குக்கே லிஃப்ட் பிடிக்கலையா?" என்று குடியிருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துவைப்பேன். இடது கை எப்போதும் பேண்ட் பைக்குள்.

இந்த ஐந்தாவது முறை மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரவில்லை. குளியலறை வாசலுக்கே வந்து எனக்கு எதிரே தரையில் குந்தினான். ஈரத்தில் பேண்ட் நனைந்தது, கவனிக்கவில்லை.

"போன மாசம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாங்க மச்சான்" என்றான்.

நான் துணியைப் பிழிந்தேன். ஒன்றரைக் கையால் துணி பிழிகிற வித்தையை வந்து பாருங்கள், டிக்கெட் போடலாம்.

"அதுல ஒரு படம் காட்டுவாங்க. உங்க கை."

பிழிவதை நிறுத்தினேன். என் கையைப் படமெடுத்ததே எனக்குத் தெரியாது.

"பூட்டுப் போடாதவனோட கைன்னு கீழ எழுதியிருக்கும். மூணு வருஷமா காட்டுறாங்க. நான் அதைக் காட்டினேன். ஒருத்தன் சிரிச்சான். யார் சார் அந்த முட்டாள்னு கேட்டான். நானும் சிரிச்சேன் மச்சான்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அன்னிக்கு கீழ் வீட்டுக்காரங்க லிஃப்ட் லிஃப்ட்னு போன் மேல போன் போட்டாங்க. பதினொண்ணு ஆச்சு, நீங்க டீக்குப் போயிருப்பீங்கன்னு நினைச்சேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேக்காம ரெண்டு பூட்டையும் நான்தான் கழட்டினேன். அப்புறம் பயந்துபோய் உங்க பூட்டை உங்க பையில போட்டேன். பாக்கலைன்னு சொன்னேன். இதுக்குத்தான் மன்னிப்புக் கேக்குறேன். எல்லாத்துக்கும் இல்ல. இதுக்கு."

மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்று வருஷமாக நான் சொன்னபோது நம்பாதவள், அவன் ஒரு முறை சொன்னதும் நம்பிவிட்டாளே என்று அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. "தம்பி, இத்தனை நாளா உங்களுக்கு நான் காபி போட்டுக் குடுத்தேனே" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

"சரி. இங்க சொல்லிட்ட" என்றேன் நான். "பொய்யை எங்க சொன்ன?"

"கம்பெனியில."

"அப்ப அங்க போய்ச் சொல்லு. பொய்யை ஊருக்குச் சொல்லுவ, மன்னிப்பை மட்டும் என் குளியலறையில வந்து கேப்பியா?"

"சொன்னா வேலை போயிரும் மச்சான்."

"எனக்கும் போச்சு."

அவன் எழுந்து போனான். போகட்டும், இவனாவது சொல்வதாவது என்று நினைத்தேன். அன்றிரவு மனைவி சோற்றைப் போட்டுவிட்டு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். உடனே சரியாகிவிட நான் என்ன சுவிட்சா?

இரண்டு வாரம் கழித்து தங்கையிடமிருந்து போன் வந்தது. மூன்று வருஷத்தில் அவள் எனக்குப் போட்ட முதல் போன். "வியாழக்கிழமை பத்து மணிக்கு கம்பெனியில வகுப்பு. ஆறாவது மாடி. உன்னை வரச் சொல்றார்" என்றாள். "என்கிட்ட சொல்லிட்டார்ண்ணே" என்று சேர்த்துக்கொண்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஆறு மாடி ஏறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள், பாதிக்குமேல் புதுமுகங்கள். ஓரத்தில் அதே விசாரணை அதிகாரி. என்னைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது. மாப்பிள்ளை முன்னால் நின்று படத்தைப் போட்டான். திரை முழுக்க என் கை. தையல் போடுவதற்கு முன்னால் எடுத்தது. அதைப் பார்த்தபோது வலது கைக்குக்கூட வலித்தது.

"இது பூட்டுப் போடாதவரோட கை இல்ல" என்றான் மாப்பிள்ளை. "அவர் பூட்டு சுவிட்ச்ல இருந்துச்சு. அவர் குழிக்குள்ள இருக்கும்போது அதை நான் கழட்டினேன். பழியை அவர் தலையில கட்டினேன். அவர் அதோ பின்னாடி உக்காந்திருக்கார்."

நாற்பது தலைகளும் திரும்பின. அதிகாரி எழுந்துவிட்டார். "உங்ககிட்ட அவர் பூட்டோட சாவி எப்படி வந்துச்சு?" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியாம எடுத்து வச்சிருந்தேன் சார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

அடப்பாவி. எனக்காகப் பொய் சொல்கிறான். நான் அவனுக்காகச் சொன்ன அதே மாதிரிப் பொய்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பொய் எனக்கு இனித்தது. நாற்பது பேர் முகத்திலும் எனக்கான பரிதாபம். நான் முட்டாள் இல்லை, பொய்யன் இல்லை, ஏமாற்றப்பட்டவன். மூன்று வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், துடைத்துவைத்த கண்ணாடியாகிவிடுவேன். உட்கார்ந்திருக்கத்தான் நினைத்தேன்.

எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் மெக்கானிக் உட்கார்ந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். அவள் இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஒரு பச்சை சாவி, ஒரு நீல சாவி. அவள் பக்கத்தில் இருந்தவன் கொத்திலும் அதே இரண்டு நிறம். அவள் மெதுவாகக் கையை வைத்துக் கொத்தை மறைத்தாள்.

இவர்களுக்கு இந்த வகுப்பு என்ன சொல்லிக்கொடுத்தது? மூன்று வருஷமாக, முட்டாள் பூட்டுப் போடமாட்டான் என்று. இனிமேல், கெட்டவன் சாவியைத் திருடுவான் என்று. இரண்டும் இவர்களுக்கு இல்லை. இவர்கள் முட்டாள்களும் இல்லை, திருடர்களும் இல்லை. எங்களை மாதிரி ஒருவரை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள். நாளைக்கே இவள் குழிக்குள் இறங்குவாள்.

எழுந்து நின்றேன். பட்டாசுக்குத் திரியைக் கிள்ள வேண்டிய அவசியமே இல்லை, எப்போதும் தானே வெடிக்கும். அன்றைக்கு மட்டும் சத்தம் வர நேரமாயிற்று. இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

"அவன் சொல்றதுல பாதிதான் உண்மை" என்றேன். "சாவியை அவன் எடுக்கல. நான்தான் குடுத்தேன். பதினாலு வருஷம் அவன் கொத்துலதான் இருந்துச்சு. பூட்டை நான் போடல, அவனைப் போடச் சொன்னேன். விசாரணையில நானே போட்டேன்னு இதே சார்கிட்ட பொய் சொன்னேன். அவன் வேலை போயிடக் கூடாதுன்னு சொன்னேன். அந்தப் பொய்யை வச்சுத்தான் அவன் என்னை மாட்டிவிட்டான்."

இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அவன் கழட்டினது தப்பு. மறைச்சது துரோகம். அதை நான் சாகற வரைக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா சாவியைக் குடுத்த கை இது. உங்கள்ல எத்தனை பேர் கொத்துல ரெண்டு நிறம் இருக்குன்னு எனக்குத் தெரியும். பாசமா இருங்க, கல்யாணம் பண்ணிக்கங்க, சாவியை மட்டும் குடுக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டேன். முன் வரிசைப் பெண் தன் கொத்திலிருந்து நீல சாவியைக் கழற்றினாள். வளையம் இறுக்கமாக இருந்தது, நகத்தால் நெம்பி எடுத்தாள். பக்கத்திலிருந்தவன் மடியில் அதை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவன் பச்சையைக் கழற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த அறையில் அங்கங்கே சாவிச் சத்தம் கேட்டது. அதிகாரி அதைத் தடுக்கவுமில்லை, யார் யார் என்று குறிக்கவுமில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரையிலிருந்து என் கையை அவரே அணைத்தார்.

வெளியே வந்து படிக்கட்டுப் பக்கம் போனேன். மாப்பிள்ளை லிஃப்ட் வாசலில் நின்றான், கதவு திறந்தது, ஏறவில்லை. என் பின்னாலேயே படியில் இறங்கினான். ஆறு மாடியும் அவன் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் ஒரு படி தள்ளியே வந்தது.

கீழே வந்ததும் நின்றேன். "எதுக்குடா திருடினேன்னு சொன்ன?"

"உங்களுக்கு வேற எதைத் திருப்பிக் குடுக்க முடியும் மச்சான்?"

"பொய்யைக் குடுத்தே பொய்யை அடைப்பியா? ஒரு பொய்யிலேயே மூணு வருஷம் போச்சு."

அவன் அழுதான். அழட்டும் என்று நின்றேன். எனக்கு இன்னும் கோபம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பையில் போட்ட அந்தப் பூட்டை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. ஆனால் அவன் அழுது முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன் என்பதும் உண்மை. மூன்று வருஷத்தில் அவ்வளவு நேரம் அவனருகே நான் நின்றதில்லை.

அவன் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தான். தலையில் மஞ்சள் பிளாஸ்டிக், ஓரத்தில் தேய்ந்திருந்தது. அந்தப் பூட்டே இல்லாமல் போய்விட்டது, சாவியை இவன் தூக்கி எறியவில்லை. நான் இடது கையை நீட்டினேன். மிஞ்சிய இரண்டு விரல்களுக்கு நடுவே அதை வைத்தான்.

பிறகு நான் என் கொத்தை எடுத்தேன். பராமரிப்பு அறை, தண்ணீர்த்தொட்டி, மாடிக்கதவு என்று வரிசையாகத் தள்ளினேன். கடைசியில் ஒரு சிவப்பு சாவி இருந்தது. அதை நானும் எறியவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கழற்ற ஒரு கை பத்தவில்லை. "வளையத்தைப் பிடி" என்றேன். அவன் பிடித்துக்கொண்டான், நான் உருவி அவன் கையில் வைத்தேன்.

"இனிமே அவனவன் சாவி அவனவன்கிட்ட இருக்கட்டும்" என்றேன். "ஞாயித்துக்கிழமை அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வா."